காதில் எண் மாட்டிய கட்டுரை

தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதினார். அதை எழுதாமல் இருந்திருந்தால் கடைசிவரை யோக்கியர் என்ற பெயரோடு இருந்திருப்பார்.

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கும். எடுத்தால், "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்பார்கள். ஊர் முழுக்க இதே கேள்விதான். பதிலும் ஒன்றுதான். உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்திருக்கும். மோட்டாரை நிறுத்தி, மேலே இருக்கும் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே வழிய வழியத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, மறுபடி ஓட விட்டால் சரியாகிவிடும். பத்தில் எட்டு மோட்டாருக்கு இவ்வளவுதான் வைத்தியம். இதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவர் சொல்லச் சொல்ல, அவர் மனைவி போனில் தட்டித் தட்டிப் பதினோரு படிகளாக அதை இணையத்தில் போட்டுவிட்டார். தலைப்பு, "மோட்டார் ஓடுது, தண்ணி வரல." கீழே மெக்கானிக்கின் பெயர், போன் நம்பர். முதல் வரி இப்படி இருந்தது: "எதையும் தொடுவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்துங்கள். என் மனைவி சொல்லி இதை முதல் வரியாக வைத்திருக்கிறேன்." மூன்றாம் படியில், "மோட்டாரைத் திட்டாதீர்கள். அது தாகத்தில் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதற்கு ஒரு வாளி தண்ணீர் கொடுங்கள்" என்று இருந்தது. இதைப் படித்துவிட்டுச் சிலர் மோட்டாரிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் தகவல் வந்தது.

நல்ல சரக்கு கண்ணில் பட்டால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அதைத் தம் பெயரில் போட்டு, மெக்கானிக்குக்கே அனுப்பி, "உங்களுக்குப் பயன்படும்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த ஒரு வாலிபர் "என் மனைவி சொல்லி" என்று அப்படியே போட்டுவிட, அவருடைய அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பெண்கள் விடுதி நடத்தும் ஓர் அம்மாளும் "என் மனைவி சொல்லி" என்றே எழுதியிருந்தார். ஓர் உதிரிபாகக் கம்பெனி மட்டும் கௌரவமாக நடந்துகொண்டது. அது "என்" என்று வந்த இடத்திலெல்லாம் "எமது நிறுவனத்தின்" என்று மாற்றிப் போட்டது. ஆகவே அவர்களுடைய பக்கத்தில், "எமது நிறுவனத்தின் மனைவி சொல்லி இதை முதல் வரியாக வைத்திருக்கிறோம்" என்று வந்தது. கம்பெனிக்குக் கல்யாணம் ஆன விஷயம் அதுவரை யாருக்கும் தெரியாது.

மெக்கானிக் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன் குறைந்தது, சாப்பாடு சூடாக இருந்தது. அதற்குமேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்?

நான்கு வருடம் கழித்து வேண்டியிருந்தது. அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டதுபோல் மடங்க மறுத்துவிட்டன. மோட்டார்கள் எப்போதும் தரையோடு தரையாக, மூலையில், குனிந்தால் மட்டும் தெரியும் இடத்தில்தான் இருக்கும். குனிய முடியாத மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? அந்தச் சமயத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் வேலை ஒன்று காலியானது. நாற்காலியும் மேஜையும் போட்டு உட்கார்ந்து செய்யும் வேலை. அனுபவம் போதும், படிப்பு வேண்டாம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தாமே எழுதிய பயிற்சிக் கையேடு ஒன்றை, 'படைப்புகள் அசல்தன்மை உறுதிப்பாட்டு ஆணையகம்' தரும் சான்றிதழோடு, மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

கையேடுதான் தயாராக இருக்கிறதே என்று மெக்கானிக் நினைத்தார். கட்டுரையைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, ஆணையகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறினார். லிஃப்ட் இருந்தது. அதன் கதவில், ஆணையக அலுவலர்களின் அசல் உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது.

மேலே சுவர் முழுக்க ஓர் அறிவிப்பு: "பிறர் எழுத்தை எடுப்பது களவுக்கு ஒப்பாகும். மீறுவோரின் மேற்படி மாடுகள் பறிமுதல் செய்யப்படும்."

இரண்டாம் எண் ஜன்னலில் இருந்த அம்மா நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பெயர், முகவரி வரைக்கும் சுலபமாகப் போனது. ஏழாவது கேள்வி, "கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி." எட்டாவது, "காதில் எண் பொருத்தப்பட்டுள்ளதா?" ஒன்பதாவது, "பிறரின் பயிரை மேய்ந்த முன் சரித்திரம் உண்டா?" மெக்கானிக் தயங்கி நின்றார். தாம் கொண்டு வந்திருப்பது ஒரு கட்டுரை என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். கட்டுரை என்றால் 'ஜாதி' என்ற இடத்தில் கட்டுரை என்று எழுதச் சொன்னார் அந்த அம்மா. தடுப்பூசிக்குப் 'பொருந்தாது' என்று எழுதலாமா என்று மெக்கானிக் கேட்டார்.

"எழுதலாம். பொருந்தாத விண்ணப்பம்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

போன வருடம் ஆணி குத்தியபோது தமக்கு ஊசி போட்ட தேதியை மெக்கானிக் எழுதினார். கட்டுரைக்கும் தமக்கும் இனி எந்த வித்தியாசமும் இல்லை என்று தோன்றியது. காதில் எண் இல்லை என்றார். சான்றிதழ் கிடைத்தால் அவர்களே மாட்டுவார்கள் என்றார் அந்த அம்மா.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். உதவி இயக்குநர் மிகவும் தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார். முழங்காலை விசாரித்தார். பிறகு, கட்டுரையை இணையத்தோடு ஒப்பிட்டு இயந்திரம் தந்த அறிக்கையை மேஜைமேல் திருப்பி வைத்தார். தொண்ணூற்றேழு சதவீதம் களவு.

"இதே கட்டுரை இணையத்துல நானூத்திப் பன்னெண்டு இடத்துல இருக்குங்க" என்றார் வருத்தத்தோடு.

"எல்லாமே என்கிட்ட இருந்து எடுத்தது சார்."

"நானூத்திப் பன்னெண்டு பேர் ஒரு பக்கம் நிக்கறாங்க. நீங்க ஒருத்தர் ஒரு பக்கம். நான் யாரை நம்பறது?"

"தேதியைப் பாருங்க சார். நான் போட்டு நாலு வருஷம் ஆச்சு."

"இயந்திரம் தேதி பார்க்காது. தேதிக்குத் தனிப் பிரிவு."

"அந்தப் பிரிவு எங்க சார் இருக்கு?"

"இன்னும் திறக்கல. இடம் பார்த்துக்கிட்டிருக்கோம்."

மெக்கானிக் அறிக்கையை ஒருமுறை படித்தார். பிறகு, மீதி மூன்று சதவீதம் என்ன என்று கேட்டார். உதவி இயக்குநர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"உங்க போன் நம்பர். அது மட்டும்தான் உங்களுது. பாராட்டுகள்."

கிளம்பும்போது மெக்கானிக்குக்கு மாடு நினைவு வந்தது. சுவரில் இருக்கும் அறிவிப்பும் படிவமும் கால்நடைத் துறையிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறதே என்று மெல்லக் கேட்டார். உதவி இயக்குநர் கோபப்படவில்லை. பொதுமக்கள் எடுத்தால் அது களவு என்றும், அலுவலகம் எடுத்தால் அது முன்மாதிரி என்றும் பொறுமையாக விளக்கினார். கால்நடைத் துறையும் அதை வனத்துறையிடமிருந்துதான் எடுத்ததாம். அதில் புலி இருந்ததாம்.

வேறு வழியும் சொன்னார். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம். மெக்கானிக் முயன்றார். எதிர்வீட்டுக்காரர் கடிதம் தர யோசித்தார். கட்டுரையின்மேல் தமக்கு ஒரு பற்று விழுந்துவிட்டதாகச் சொன்னார். கல்யாணமாகாத வாலிபர் மட்டும் உடனே கொடுத்தார். அதில் அவருடைய அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உதிரிபாகக் கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. "எமது நிறுவனத்தின் மனைவியைத் தாங்கள் முன்னனுமதியின்றிப் பயன்படுத்தியிருப்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது" என்று அது ஆரம்பித்தது.

கடைசியில் உதவி இயக்குநரே, கட்டுரையை வேறு வார்த்தையில் எழுதிப் பார்க்கச் சொன்னார். அதையும் செய்தார்கள். சமையலறை மேஜையில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து, 'ஊற்றுங்கள்' என்பதை 'நிரப்புங்கள்' ஆக்கி, 'மூடி'யை 'தலைப்பாகம்' ஆக்கினார்கள். எண்பத்தொரு சதவீதம். பதினோரு படியை ஏழாக்கினார்கள். அறுபத்து நான்கு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. இயந்திரம் வார்த்தையை மட்டும் பார்ப்பதில்லை, கருத்தையும் பார்க்கிறது என்று உதவி இயக்குநர் பெருமையாகச் சொன்னார்.

"எப்படிச் சுத்திச் சொன்னாலும் தண்ணி ஊத்தணும்னுதானே சார் வருது?"

"அங்கதான் சிக்கல். உங்க கருத்துலயே களவு இருக்கு."

"பின்ன என்னதான் சார் செய்யறது?"

"வேற ஏதாவது ஊத்துங்களேன்."

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. மெக்கானிக் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, பேனாவை எடுத்து உட்கார்ந்தார். கோபத்தில் எழுதும் எழுத்து எப்போதும் வேகமாக வரும். அரைமணி நேரத்தில் பதினோரு படி முடிந்துவிட்டது.

மோட்டாரை வெயில் முகத்தில் படும்படி திருப்பி வைக்கவும் என்று இரண்டாம் படி சொன்னது. நான்காம் படியில், அதை ஒரு நல்ல துணியால் போர்த்த வேண்டும். ஆறாம் படியில், மூன்று நாளைக்கு யாரும் அதனோடு பேசக் கூடாது, செய்த தப்பை அதுவே உணரட்டும். அப்படியும் உணராவிட்டால், ஒன்பதாம் படியின்படி, அதன் காதுபட வேறொரு மோட்டாரைப் புகழ்ந்து பேச வேண்டும். பதினோராம் படி: "இதற்குப் பிறகும் தண்ணீர் வராவிட்டால், தண்ணீர் உண்மையிலேயே தேவைதானா என்று யோசிக்கவும்."

மெக்கானிக் சிரித்தார். பிறகு இதைத்தான் கொடுக்கப் போகிறோம் என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது. முதல் படியாக மட்டும் அந்தப் பழைய வரி இருந்தது. மின்சாரத்தை நிறுத்துங்கள் என்பது. அது நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் இருக்கிறதே, இயந்திரம் பிடித்துக்கொள்ளும், அதை அடித்துவிடலாம் என்றார்.

மனைவி காகிதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மத்ததைப் பண்ணினா தண்ணிதாங்க வராது. இந்த வரியை எடுத்தா எவனோ ஒருத்தன் கை போயிடும். வேலை கிடைக்காட்டி போகட்டும், வரி இருக்கட்டும்."

வரி இருந்தது. இயந்திரம் அதைப் பிடித்தும் விட்டது. தொண்ணூற்றாறு சதவீதம் அசல், நான்கு சதவீதம் களவு. ஐந்து சதவீதம் வரை விதிகளில் இடமுண்டு என்பதால் சான்றிதழ் கிடைத்தது. கையேட்டில் இருந்த ஒரே உண்மையான வரிக்கு எதிரே, 'அனுமதிக்கத்தக்க களவு' என்று சிவப்பு மையில் குறிப்பு எழுதியிருந்தார்கள். உதவி இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார். தம்முடைய இத்தனை வருட சேவையில் இப்படி ஒரு சுயமான சிந்தனையைப் பார்த்ததில்லை என்றார். இரண்டாம் எண் ஜன்னலில் இருந்த அம்மா, கையேட்டின் மேல்மூலையில் துளை போட்டு, மஞ்சள் நிற பிளாஸ்டிக் எண் ஒன்றை மாட்டி அனுப்பினார்.

வேலை கிடைத்தது. நாற்காலியும் மேஜையும் சொன்னபடியே இருந்தன. ஆனால் சான்றிதழ் பெற்ற கையேட்டைத் தவிர வேறு எதையும் வகுப்பில் நடத்தக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மெக்கானிக் கையேட்டைத் திறந்து, வெயில் படும்படி திருப்பி வைக்கவும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். இருபத்தெட்டு மாணவர்களும் எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் போனைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"சார், இங்க வேற மாதிரி போட்டிருக்கு. அது காத்தைக் குடிச்சிக்கிட்டிருக்காம், ஒரு வாளி தண்ணி ஊத்தினா போதுமாம்."

"யார் எழுதினது?"

"ஏதோ கம்பெனி சார். அவங்க மனைவி சொல்லியிருக்காங்க."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றும், வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாணவர்கள் ஆச்சரியப்படவில்லை. மற்றப் பாடங்களுக்கும் அவர்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்படி இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. ஒருநாள் வகுப்புக்கு நடுவில் உதவி இயக்குநர் போன் செய்தார். குரல் வறண்டிருந்தது. ஆணையகக் கட்டடத்தில் ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லையாம். மோட்டார் ஓடுகிறதாம், தண்ணீர் வரவில்லையாம். சான்றிதழ் பெற்ற கையேட்டை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறார்களாம். மாநாட்டு அறையின் பச்சை மேஜை விரிப்பைப் போர்த்தி, பக்கத்தில் 'அமைதி காக்கவும்' என்று பலகை வைத்து, யாரும் அதனோடு பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைக் காவலுக்கும் போட்டிருக்கிறார்கள்.

"ஒன்பதாவது படி வரைக்கும் வந்தாச்சுங்க. பக்கத்து ஆபீஸ் மோட்டாரை நானே நேர்ல நின்னு புகழ்ந்து பேசினேன். ஒண்ணும் அசையல."

"பதினொண்ணாவது படி சார்?"

"அதுக்குக் குழு போட்டிருக்கோம்."

மெக்கானிக்குக்குப் பாவமாக இருந்தது. விரிப்பை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"இது கையேட்டுல இல்லையே. எங்கிருந்து எடுத்தீங்க?"

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தார். மூன்று மாடியும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

"இணையத்துல இருக்கு சார். நானூத்திப் பன்னெண்டு இடத்துல இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் உதவி இயக்குநர் நிம்மதியாக. "அத்தனை பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பக்கத்து ஆபீஸிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கடன் வாங்கி ஊற்றினார்கள். தண்ணீர் வந்தது.

மறுவாரமே எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. பதினோரு படிகள். "எதையும் தொடுவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்துங்கள். என் மனைவி சொல்லி இதை முதல் வரியாக வைத்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தது. கீழே உதவி இயக்குநரின் கையெழுத்து, முத்திரை. போன் நம்பரை மட்டும் மாற்றியிருந்தார்.

மெக்கானிக் அன்று சுற்றறிக்கையோடு வீட்டுக்கு வந்து அதை மேஜைமேல் எறிந்தார். நானூற்றுப் பதிமூன்று என்றார். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தன் பேரில் போட்டுக்கொள்ள எப்படித்தான் மனசு வருகிறதோ, இந்த உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று காபி ஆறும்வரை பேசினார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுற்றறிக்கையை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"காத்தைக் குடிச்சிக்கிட்டிருக்குன்னு இதுல வருதே, இது யாருங்க சொன்னது?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்னது, ஏர் புடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

"அது நீ."

"மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது?"

"அதான் உன் பேரைச் சொல்லியே போட்டிருக்கே."

"என் பேரையா போட்டீங்க? மனைவின்னு போட்டீங்க. சரி, உங்களுக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்துச்சே, அந்த மஞ்சள் நம்பர் மாட்டின கையேடு, அது?"

மெக்கானிக் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் வலிப்பதுபோல் இருந்தது.

"நீதான்."

"அப்ப இதுல உங்களுது என்னங்க?"

மனைவி கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மெக்கானிக்கும் நேர்மையாகவே யோசித்தார். ஆணையகத்தின் அறிக்கை நினைவுக்கு வந்தது.

"போன் நம்பர்" என்றார்.

மனைவி காபியைச் சூடு பண்ண எடுத்துப் போனார். அந்த சிம் கார்டு மனைவியின் அண்ணன் பேரில் வாங்கியது.